தமிழ் எண்வழக்கும் இடப்பெறுமானமும்

ஆயிரத்தைந்து என்னும் தொகையை எழுதும்படி கூறினால், எண்ணெழுதப் பழகும் சிறுவர் பலர் 10005 என்று எழுதுவர். முதலில் ஆயிரத்தை 1000 என எழுதி, அதன் பின்னே 5 என்பதைச் சேர்த்துவிடுவர். நூற்றிருபது என்பதை 10020 என எழுதுவோரும் உளர். கீழ்வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவரும் இப்பிழையைக் கண்டிருப்பர். சிவப்பு மையாற் கோடிட்டுத் திருத்தியும் இருப்பர். ஆயின் இப்பிழை அறியாமையால் மட்டும் நேர்வதன்று. சிறுவன் காதிற் கேட்டதைக் கேட்டவாறே எழுதுகிறான். அவன் செய்வது பிழையெனக் கொள்ளப்படுவது இக்காலத்து எழுத்துமுறைக்கே. தமிழர் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட எழுத்துமுறைக்கு அது பிழையன்று. பழைய முறையில் ஆயிரத்தைந்து என்பது ௲௫ என்றே எழுதப்பட்டது. ஆயிரத்தின் குறி முன்னும் ஐந்தின் குறி பின்னும் நிற்கும். இடையில் எதுவும் வேண்டுவதில்லை.

தமிழ் எண்குறிகள் பன்னிரண்டு. ஒன்று முதல் ஒன்பது வரைக்கும் ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என ஒன்பது குறிகளும், பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என மூன்று குறிகளும் உள்ளன. இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து என வாயாற் கூறுவதையே ௨௲௩௱௪௰௫ எனக் கையால் எழுதினர். இரண்டு, ஆயிரம், மூன்று, நூறு, நான்கு, பத்து, ஐந்து என ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு குறி. எனவே எழுத்தைப் படிப்பவன் சொல்லையே படித்தான். பதினாயிரம் ௰௲ ஆயிற்று. நூறாயிரம் ௱௲ ஆயிற்று. இம்முறையில் குறி நிற்கும் வரிசைக்கும் பொருளுண்டு. ௨௰ என்றால் இருபது; ௰௨ என்றால் பன்னிரண்டு. பெரிய குறிக்கு முன் நிற்கும் சிறிய எண் அதனைப் பெருக்கும். பின் நிற்பது அதனோடு கூடும். ஆனால், இஃது இடப்பெறுமானம் அன்று. இடப்பெறுமான முறையிலே 5 என்னும் இலக்கம் தான் நிற்கும் இடத்தால் ஐந்தாகவும், ஐம்பதாகவும், ஐந்நூறாகவும் மாறுகின்றது. இடத்திற்குப் பெயர் எழுதப்படுவதில்லை. பழைய தமிழ்முறையில் இடத்தின் பெயரே குறியாக எழுதப்பட்டது. இடம் வெறுமையாயின் அதனை எழுதவேண்டிய தேவையே எழவில்லை. பூச்சியம் இன்மை அம்முறையின் குறைபாடு அன்று என்பது இதனாற் புலனாகும். அங்கே அதற்கு வேலையில்லை.

இக்குறிகளைத் தமிழ் எழுத்துகளோடு ஒப்பிட்டு க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய என மாணவர் நினைவிற் கொள்வது நெடுநாள் வழக்கம். இதனைக் கொண்டு தமிழ் எழுத்துகளே எண்களாயின என்று கூறுவாரும் உண்டு. எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் அதனை ஏற்பதில்லை. பழைய பிராமி எண்குறிகளினின்றும் வளர்ந்து வந்த வடிவங்கள், காலப்போக்கில் எழுதுவோர் கையிலே தமிழ் எழுத்துகளின் சாயலைப் பெற்றன என்பதே பொருத்தமானது. க என்பது ஒன்றாகவும் உ என்பது இரண்டாகவும் ஆவதற்கு நெடுங்கணக்கின் வரிசையில் எக்காரணமும் இல்லை. ரு என்பது ஐந்தாவதற்கோ அறவே இல்லை.

பிராமி முறையிற் பத்து, இருபது, முப்பது முதலிய ஒவ்வொரு பதின்மத்துக்கும் தனித்தனிக் குறி இருந்தது. தமிழ் அவற்றைக் கைவிட்டுப் பத்தின் குறி ஒன்றையே நிறுத்தி, இரண்டு பத்து, மூன்று பத்து என எழுதியது. சிங்களத்தின் பழைய எண்முறையான இலக்கம் அவ்வாறு செய்யவில்லை. அதிலே பத்து முதல் தொண்ணூறு வரை ஒவ்வொன்றுக்கும் தனிக்குறியும், நூறு, ஆயிரம் என்பவற்றுக்குத் தனிக்குறிகளும் இறுதிவரை நின்றன. அங்கும் பூச்சியம் இல்லை. 1815 ஆம் ஆண்டு கண்டி உடன்படிக்கையின் சிங்களப் பகுதியிலே பிரிவுகள் அவ்விலக்கங்களாலேயே எண்ணிடப்பட்டன. கண்டி அரசு வீழ்ந்தபின் அவை வழக்கொழிந்தன. ஒரே மூலத்தினின்று பிறந்த இரு முறைகளுள் ஒன்று பழமையைக் காத்தது. மற்றையது குறிகளைக் குறைத்துப் பேச்சோடு இயைந்தது. தமிழ்முறையை இடப்பெறுமானத்துக்கு ஒரு படி கீழே நின்றது எனக் கூறலாம். பத்து, நூறு, ஆயிரம் என்னும் மூன்று குறிகளையும் நீக்கி, வெற்றிடத்துக்கு ஒரு சுழியை வைத்துவிட்டால் அது இடப்பெறுமான முறையாகிவிடும். அந்த ஒரு படியை ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன.

தமிழ் எண்ணுப்பெயர்கள் பெரும்பாலும் ஒழுங்கானவை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்பவற்றிற் பத்து முன்னும் ஒன்று, இரண்டு, மூன்று என்பவை பின்னும் வருகின்றன. எழுதும் வரிசையும் அதுவே. ஆங்கிலத்திற் பதின்மூன்று முதற் பத்தொன்பது வரையுள்ள பெயர்களிற் சிற்றெண் முன்னும் பத்துப் பின்னும் வருவதால், ஆங்கிலச் சிறுவர் 41 என்பதையும் 14 என்பதையும் மயங்குவர். தமிழ்ச் சிறுவருக்கு அவ்விடர் இல்லை. ஆனால் ஒன்பதிலே தமிழ் இடறுகின்றது.

ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது என்னும் பெயர்களெல்லாம் பஃது என்னும் ஈறு பெற்றுப் பதின்மத்தைக் குறிக்கின்றன. ஒன்பது என்பதும் அவ்வீறே பெற்றிருக்கின்றது; எனினும் அது பதின்மமன்று, பத்திலும் ஒன்று குறைந்தது. எழுநூறு, எண்ணூறு என்பன நூற்றின் மடங்குகள். தொண்ணூறு என்பதோ நூறு என்னும் ஈறு பெற்றும் நூற்றிலும் பத்துக் குறைந்து நிற்கின்றது. எண்ணூறும் தொண்ணூறும் செவிக்கு உடன்பிறப்புகள்போல ஒலிக்க, ஒன்று 800 ஆகவும் மற்றையது 90 ஆகவும் இருத்தலைக் காண்க. எண்ணாயிரம் 8000, தொள்ளாயிரமோ 900. ஒன்பது பத்தின் உடையையும், தொண்ணூறு நூற்றின் உடையையும், தொள்ளாயிரம் ஆயிரத்தின் உடையையும் புனைந்து நிற்கின்றன. ஒன்பதாயிரத்தில் மட்டும் ஒழுங்கு மீள்கின்றது. எண்பத்தொன்பது வரை ஓடிவந்த சிறுவன் தொண்ணூற்றில் வந்து தயங்குவதற்கும், தொள்ளாயிரத்தை நான்கு இலக்கத்தில் எழுதுவதற்கும் காரணம் இதுவே.

இலக்கண நூலார் இதனை நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியத்துக் குற்றியலுகரப் புணரியலிலே எண்ணுப்பெயர்ப் புணர்ச்சிக்கு விரிவாக விதி கூறப்பட்டுள்ளது. ஒன்பதும் பத்தும் புணருங்கால் தொண்ணூறு ஆதலும், ஒன்பதும் நூறும் புணருங்கால் தொள்ளாயிரம் ஆதலும் அங்கே எடுத்தோதப்படுகின்றன. நன்னூலாரும் அவ்வாறே விதித்தார். தகர மெய் முன்னே தோன்றும், பத்து நூறாகத் திரியும், நூறு ஆயிரமாகத் திரியும் என அவர்கள் கூறுவது வழக்கின் வருணனையாகும். ஏன் அவ்வாறு திரிந்தது என்னும் வினாவுக்கு அது விடையன்று. பத்து என்னும் ஒலி நூறு என்னும் ஒலியாகத் திரிதல் ஒலியியலில் நிகழக்கூடியதன்று. ஆதலின் அச்சொற்களின் பிறப்பு வேறாதல் வேண்டும்.

இதற்கு அறிஞர் இருவகையாக விளக்கம் கூறுவர். ஒன்பதுக்குத் தொண்டு என்றொரு பழம்பெயர் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியலிலும் பரிபாடலிலும் அது வருகின்றது. ஆதியில் 9 தொண்டு எனவும், 90 தொண்பது எனவும், 900 தொண்ணூறு எனவும், 9000 தொள்ளாயிரம் எனவும் வழங்கின. பின்னர் தொண்டு வழக்கிழந்தபோது ஏனைய பெயர்கள் ஒவ்வொரு படி கீழிறங்கின என்பது ஒரு சாரார் கொள்கை. கன்னடத்தில் 90 தொம்பத்து எனப்படுவது இவர்களுக்குச் சான்றாகும். தெலுங்கில் 9 தொம்மிதி என வழங்குவதால் தகர முதற்சொல் பழமையானது என்பதும் பெறப்படும். மற்றொரு சாரார், இப்பெயர்கள் குறைத்தெண்ணும் வழக்காற் பிறந்தவை என்பர். தொள் என்பதற்குத் துளை, குறை என்னும் பொருளுண்மையால், தொண்ணூறு குறைந்த நூறு, தொள்ளாயிரம் குறைந்த ஆயிரம், ஒன்பது ஒன்று குறைந்த பத்து என்பது இவர்கள் கருத்து.

இரண்டாவது கொள்கையே வலிமையுடையதாகத் தோன்றுகின்றது. கொடுக்கல் வாங்கலுக்கு உரிய எண்ணுப்பெயர் நேற்று ஒன்பதாயிரமாகவும் இன்று தொள்ளாயிரமாகவும் பொருள்பட்டால் எந்தச் சந்தையும் அதனைப் பொறுக்காது. மூன்று பெயர்கள் ஒருங்கே வழுக்கி இறங்கின எனக் கொள்வதிலும், மூன்றும் ஒரே முறையில் அடுத்த பேரெண்ணை நோக்கி அமைந்தன எனக் கொள்வது இயல்பானது. மேலும், தமிழர் குறைத்தெண்ணும் வழக்கை அறியாதவர் அல்லர். செய்யுளியலிலே தொடைவகைகளின் தொகை கூறுமிடத்து, அறுநூற்றுத் தொண்ணூறு என்பதை எழுநூற்றிற் பத்துக் குறைந்தது என்றே ஆசிரியர் கூறுகின்றார். கன்னடத்துத் தொம்பத்து இக்கொள்கைக்கு மாறாக நிற்பது உண்மையே. ஏனைய பதின்மங்களைப் பார்த்து அது பின்னர் ஒழுங்குபட்டிருக்கலாம். தமிழும் மலையாளமும் தொண்ணூறு என ஒன்றுபட்டு நிற்பது தமிழ்வடிவம் அவ்விரண்டும் பிரியுமுன்பே நிலைபெற்றது என்பதைக் காட்டுகின்றது.

மேற்கூறிய தொடைத்தொகையே வேறொரு பயனையும் தருகின்றது. அந்நூற்பாவில் தொண்டு, ஒன்பது என்னும் இரு பெயர்களும் வருகின்றன. உரையாசிரியரிடையே அத்தொகை 13,699 எனவும் 13,708 எனவும் இருவேறாக வழங்குகின்றது. இரண்டுக்குமுள்ள வேற்றுமை சரியாக ஒன்பது. சொல்லால் மட்டும் எண்ணைக் கூறும்போது எது எதனோடு கூடுகின்றது, எது எதனிற் குறைகின்றது என்பது உரைகாரர் கையில் விடப்படுகின்றது. இலக்கத்தால் எழுதியிருப்பின் இவ்வையம் எழுந்திராது.

பூச்சியத்தைப் பற்றித் தமிழ் எழுத்தாளர் சிலர் ஆர்வமிகுதியால் மிகைபடக் கூறுவதுண்டு. பரிபாடலிற் பாழ் என்னும் சொல் எண்களின் வரிசையில் முதலாவதாக வருகின்றது. ஆதலால் சங்கச் சான்றோர் பூச்சியத்தை அறிந்திருந்தனர், இடப்பெறுமான முறையும் அவர்களுடையதே என்பர். முதற்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. இன்மையை எண்ணின் தொடக்கமாக நினைக்கும் எண்ணம் அங்கே இருக்கின்றது. அங்கேயும் அது தத்துவப் பொருளைச் சுட்டி வருவதாகவே பரிமேலழகர் உரை கொள்ளும். இரண்டாவது கூற்று முதலாவதினின்று பெறப்படாது. இன்மைக்கு ஒரு பெயர் இருத்தல் வேறு. வெற்றிடத்தைக் காக்க ஒரு குறி இருத்தல் வேறு. தமிழ் எண்குறிகளில் அத்தகைய குறி நெடுங்காலம் இல்லை. பூச்சியம் என்னும் பெயரும் வடசொல்வழி வந்ததே. மலையாளத்திலும் அதே பெயர் வழங்குகின்றது. சுழி என்பது அதன் வடிவத்தாற் பெற்ற பெயர்.

இடப்பெறுமான முறை இந்தியாவில் உருவாயிற்று என்பதில் ஐயமில்லை. பிரமகுப்தர் 628 ஆம் ஆண்டில் இயற்றிய நூலிலே சூனியத்தைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதி வகுத்தார். 662 ஆம் ஆண்டளவிற் சிரியா நாட்டுக் கிறித்தவ அறிஞர் சேவெரசு சேபோக்து இந்தியரின் ஒன்பது குறிகளைப் புகழ்ந்து எழுதினார். அவர் கூறியது ஒன்பது. பத்தாவதை அவர் எண்ணவில்லை. கம்போடியாவின் சம்போர் என்னுமிடத்துக் கல்வெட்டொன்றில் சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683, நடுவே ஒரு புள்ளியைப் பூச்சியமாகக் கொண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அக்கல்வெட்டின் எழுத்து பல்லவர் எழுத்தின் வழிவந்தது. கீழைக்கடல் நாடுகளுக்குத் தென்னிந்திய எழுத்தோடு சென்ற இடப்பெறுமானம், அவ்வெழுத்துப் புறப்பட்ட கரையின் தமிழ்க் கல்வெட்டுகளில் இடம்பெறாமற் போனது வியப்புக்குரியது.

அதனால் தென்னாட்டார் அம்முறையை அறியாதிருந்தனர் எனல் பொருந்தாது. வானநூலார் அதனை நன்கு அறிந்திருந்தனர். கடபயாதி என்னும் முறையிலே வடமொழி மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓரிலக்கம் உண்டு. க, ட, ப, ய என்பன நான்கும் ஒன்றைக் குறிக்கும். ஞ, ந என்பன பூச்சியம். முதலெழுத்து ஒன்றின் இடத்தையும், அடுத்தது பத்தின் இடத்தையும் காட்டும். இவ்வாறு இலக்கங்களைச் சொற்களாக்கி, சொற்களைப் பொருள்தரும் வாக்கியங்களாக்கி, கோள்களின் நிலையை மனப்பாடஞ் செய்தனர். யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்கும் வாக்கிய பஞ்சாங்கம் அவ்வாக்கியங்களாற் பெயர்பெற்றதே. கேரளத்து அரிதத்தர் 683 இல் இம்முறையைக் கையாண்டார் என்பர். சம்போர்க் கல்வெட்டின் ஆண்டும் அதுவே. வல்லெழுத்துக்கு நான்கு வேறுபாடு வேண்டும் இம்முறை தமிழ் நெடுங்கணக்குக்கு இயையாது. ஆதலின் அது வடமொழி கற்ற வானநூலாரிடமே தங்கிற்று. கணக்கரும் வணிகரும் ௲, ௱, ௰ என்றே எழுதிவந்தனர்.

அவர்கள் ஏன் மாறவில்லை என்னும் வினா எழும். குறிகள் கணக்கிடுவதற்கு அல்ல, கணக்கிட்ட விடையைப் பதிவதற்கே என்பதே விடை. ௲௫ என்பதையும் ௯௱௯௰௯ என்பதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி நிரை நிரையாகக் கூட்ட இயலாது. விடையாகிய ௨௲௪ மனத்திலோ நிலத்திற் பரப்பிய சோழியிலோதான் பிறக்கும். மனக்கணக்கின் ஆற்றலைக் குறைவாக மதித்தல் தவறு. 1825 இற் சென்னையில் வெளிவந்த காலசங்கலிதம் என்னும் ஆங்கில நூலிலே யோன் வாறன் என்பார், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளை நிலத்தில் வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு சந்திரகிரகணமொன்றைக் கணித்ததைப் பதிந்துள்ளார். அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த கிரகணம் அது. கணிதர் கூறிய தொடக்கம் உண்மையான நேரத்தினின்று நான்கு நிமிடமே வேறுபட்டது. நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் வேறுபட்டன. 1952 ஆம் ஆண்டு கணிதவரலாற்றறிஞர் நொய்கெபவர் இச்செய்தியை விரிவாக ஆராய்ந்து, இரண்டாயிரம் ஆண்டு மரபொன்றின் எச்சத்தை அதிற் கண்டார். ஒரு கணக்கும் எழுதாமல் கிரகணங் கணித்தவருக்கு இடப்பெறுமானத்தின் பயனை எடுத்துரைப்பது எளிதாய் இருந்திராது.

திண்ணைப்பள்ளியிற் பயின்ற சிறுவனின் பாடமும் மனப்பாடமே. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்பன அவன் கற்றவை. முழுவெண்ணைக் கற்குமுன்னரே கீழ்வாய்க் கணக்கு அவனுக்குப் பழக்கமாகிவிடும். அரை, கால், முக்கால், அரைக்கால் என்பன இன்றும் வாழ்கின்றன. பதினாறில் ஒன்று மாகாணி. அதனை வீசம் என்பதும் உண்டு. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. நூற்றறுபதில் ஒன்று அரைக்காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இப்பெயர்களில் இரண்டு ஒழுங்குகள் கலந்திருக்கின்றன. ஒன்றைப் பாதி பாதியாகப் பகுத்துக்கொண்டு போவது ஒன்று. இருபது பங்காகப் பகுப்பது மற்றொன்று. 16, 20, 80, 160 என்பவற்றால் எல்லாம் மீதியின்றி வகுபடுவது 320. ஆகவே முந்திரியைச் சிற்றலகாகக் கொண்டால் இரு ஒழுங்கிலுமுள்ள பின்னங்களை மீதியின்றிக் கூட்டலாம். மாகாணி இருபது முந்திரி. மா பதினாறு முந்திரி. இரண்டும் சேர்ந்தால் முப்பத்தாறு முந்திரி. பொதுப்பகுதி காணும் உழைப்பு பெயரிலேயே அடங்கிவிட்டது.

முந்திரியோடும் கணக்கு நிற்பதில்லை. ஒரு பின்னத்துக்கு முன் கீழ் என்னும் சொல்லைச் சேர்த்தால் அது முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிவிடும். கீழரை என்பது 640 இல் ஒன்று. கீழ்க்கால் 1280 இல் ஒன்று. கீழ்முந்திரி 1,02,400 இல் ஒன்று. கீழின் கீழும் உண்டு. முதலாம் இராசராசன் 1010 அளவிற் கட்டி முடித்த தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகளிலே ஊர்களின் நிலவளவு இவ்வாறு கீழும் அதன் கீழுமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஒரு வேலியின் அத்துணைச் சிறுபங்கை நிலத்திற் கோலிட்டு அளந்திருக்க முடியாது. கணக்கிற் பிறந்ததையே கல்லிற் பொறித்தனர் எனக் கொள்ளவேண்டும். இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அரை, கால், மா என்னும் அதே பெயர்கள், கீழ் என்னும் எல்லையைக் கடந்ததும் 320 மடங்கு சிறுத்த பெறுமானத்தைப் பெறுகின்றன. தசமப் புள்ளிக்கு வலப்புறம் ஒவ்வோரிடம் செல்லுந்தோறும் இலக்கத்தின் பெறுமானம் பத்தில் ஒன்றாவதை இஃது ஒக்கும். இடப்பெறுமானத்தின் கருத்து முழுவெண்ணில் அன்றிப் பின்னத்திலே தமிழ்க் கணக்கருக்கு முதலில் வாய்த்தது போலும். பத்துக்குப் பதிலாக 320 அங்கே அடியெண்ணாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நிலை மாறிற்று. வாறனுடைய நூல் வெளிவந்த அதே 1825 இல் சென்னையிற் கணித தீபிகை என்னும் தமிழ்நூல் அச்சாயிற்று. தமிழ்க் குறிகளோடு பூச்சியத்தையும் சேர்த்து இடப்பெறுமான முறையிற் கணக்குச் செய்ய அது கற்பித்தது. இரு ஆண்டுகளுக்கு முன், 1823 இல், அமெரிக்க மிசன் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவியிருந்தது. டானியல் பூவர் முதலியோர் அங்கே கணிதத்துக்கும் வானநூலுக்கும் சிறப்பிடம் அளித்தனர். அங்கே கற்ற கறல் விசுவநாதபிள்ளை 1855 இல் வீசகணிதம் என்னும் தமிழ்நூலை வெளியிட்டார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலிரு பட்டதாரிகளுள் ஒருவரானவர் இவரே, மற்றையவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. வீசகணிதத்தின் வீசம் பதினாறில் ஒன்றாகிய வீசமன்று. விதை எனப் பொருள்படும் பீசம் என்னும் வடசொல்லின் திரிபு. சொல்லளவில் இரண்டும் ஒன்றாயின. வரலாற்றளவில் ஒன்று வர மற்றையது போயிற்று.

வீசத்தை வழக்கினின்று அகற்றியது பள்ளிக்கூடம் மட்டுமன்று, நாணயமும் அகற்றிற்று. இந்தியாவில் ஒரு ரூபா 16 அணாவாக 1957 வரை இருந்தது. அணா ஒவ்வொன்றும் ரூபாவின் வீசமாதலால், கீழ்வாய் இலக்கம் அங்கே சந்தையில் உயிரோடிருந்தது. இலங்கையில் 1872 ஆம் ஆண்டிலேயே ரூபா நூறு சதமாயிற்று. நூறு என்னும் பொருளுடைய சதம் என்னும் சொல் இங்கே நூற்றில் ஒன்றைக் குறிக்கலாயிற்று என்பதையும் கூறவேண்டும். இந்தியாவுக்கு 85 ஆண்டு முந்தியே தசமக்கணக்கு யாழ்ப்பாணத்துச் சந்தைக்கு வந்துவிட்டது. பதினாறும் இருபதும் பயனிழந்த நாணயத்தில் மாகாணிக்கும் மாவுக்கும் இடமில்லை. நிலவளவிலே மட்டும் பழமை நின்றது. ஒரு பரப்பு 18 குழி. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே தோட்டக்காணியின் ஒரு பரப்பு ஏக்கரில் வீசமேயாகும். நெற்காணிக்கு அளவு வேறு. அங்கே இருபத்துநான்கு பரப்பு ஓர் ஏக்கர்.

பேரெண்களின் பெயரிலும் இரு மரபுகள் மோதுகின்றன. தொல்காப்பியர் ஐ, அம், பல் என்னும் ஈறுடைய பேரெண்ணுப் பெயர்களுக்கு விதி கூறினார். அவை தாமரை, வெள்ளம், ஆம்பல் என உரையாசிரியர் விளக்கினர். குளத்துப் பூவும் பெருக்கும் எண்ணாயின. அவை வழக்கொழிய, இலட்சமும் கோடியும் வடமொழியிலிருந்து வந்து அமர்ந்தன. ஆயிரம் என்பதுங்கூட வடமொழியின் வழிவந்தது என மொழிநூலார் பலர் கருதுவர். ஆயிரத்துக்கு மேல் இலட்சம், கோடி என நூறு நூறு மடங்காகச் செல்வது இந்திய மரபு. ஆதலால் அங்கே 1,00,000 என ஈரிலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி இடுவர். ஆயிரம் ஆயிரம் மடங்காகச் செல்வது மேனாட்டு மரபு. இலங்கையின் பாடநூல்கள் மூவிலக்கத் தொகுதியை ஏற்று, மில்லியன், பில்லியன் என்றே வழங்குகின்றன. எழுத்தில் 100 000 எனப் பிரித்துவிட்டு வாயால் ஓரிலட்சம் என்று படிக்கும் மாணவன், இரு மரபுகளையும் ஒரே மூச்சிற் கையாளுகின்றான். நூறாயிரம் என்னும் பழந்தமிழ்ப் பெயர் மூவிலக்கத் தொகுதிக்கு மிகப் பொருந்தும். பிரித்தெழுதிய நூறும் ஆயிரமும் அப்பெயரிலேயே இருக்கின்றன. அதனை மீட்டுக்கொள்ளாமல் விட்டது பாடநூலாக்கத்தின் ஒரு குறையே.

கலைச்சொல்லிலும் கரைக்குக் கரை வேறுபாடுண்டு. தமிழ்நாட்டார் இடமதிப்பு என்பதை இலங்கையார் இடப்பெறுமானம் என்பர். மதிப்பு என்னுஞ் சொல் இங்கே மரியாதையை நினைவூட்டும். பெறுமானமோ இடத்தினாற் பெறப்படுவது என்னும் கருத்தைத் தன்னுள்ளே கொண்டிருத்தலால் கருதிய பொருளை நேரே தருகின்றது.

கணிப்பொறிகளுக்கு உலகத்து எழுத்துகளையெல்லாம் தொகுத்த யூனிக்கோடு நியமத்திலே 1991 இல் தமிழ் எண்குறிகள் ஒன்று முதல் ஒன்பது வரையும், பத்து, நூறு, ஆயிரம் என்பனவும் இடம்பெற்றன. பூச்சியம் சேர்க்கப்படவில்லை. கணித தீபிகை கற்பித்து 180 ஆண்டுகள் சென்றபின், 2005 இலேதான் தமிழ்ச் சுழிக்கு அங்கே ஓரிடம் அளிக்கப்பட்டது. கண்டி உடன்படிக்கையில் இடம்பெற்ற சிங்கள இலக்கங்கள் 2014 இற் சேர்ந்தன. அவற்றோடு சோதிடர் கையாண்ட லித் இலக்கங்களும் சேர்ந்தன. முன்னவற்றிற் பூச்சியம் இல்லை, பின்னவற்றில் உண்டு. தமிழ்நாட்டைப் போலவே சிங்களவரிடையும் சுழியை முதலிற் கையாண்டவர் வானத்தைக் கணித்தவரே.